பெண் பார்க்கப் போன வழியில் பிளக் பறந்தது

என் கார் மூன்று சிலிண்டர் கார். நான் வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. கடலூரில், செம்மண்டலத்து வீட்டிலிருந்து மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கோர்ட்டுக்குப் போய்வர அது தாராளமாகப் போதும். கோர்ட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். என் கணவருக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு உண்டு. அதனால் கார் எனக்கு, பின் சீட் அவருக்கு என்று கல்யாணமான புதிதிலேயே முடிவாகிவிட்டது.

அந்தக் கார் ஒரு வாரமாக நடுங்கிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றால் ஜுரம் வந்த ஆள்போல உதறும். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருந்தார். திரும்பி வரட்டும் என்று நான் பொறுத்திருந்தேன். பொறுக்க முடியாதவன் என் தம்பி. ஏனென்றால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் அதே காரில் அவனுக்குப் பெண் பார்க்கச் சிதம்பரம் போவதாக இருந்தோம்.

"பிளக்தான்க்கா. மூணையும் மாத்திட்டா பட்டு மாதிரி ஓடும்" என்றான், சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது.

தம்பி மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறான். இரும்புச் சாமான் வந்தால் எண்ணி உள்ளே வைப்பது, கேட்டால் எண்ணி வெளியே கொடுப்பது அவன் வேலை. பரீட்சை எழுதிய பிறகு எந்த இன்ஜினையும் அவன் தொட்டதில்லை. ஆனால் மெக்கானிக்கல் படித்த ஒருவன் வீட்டில் இருக்கும்போது பிளக் மாற்ற வெளியாளைக் கூப்பிடுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். என் கணவர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துபவர். மச்சான் எதற்குக் கிளம்பினாலும் கூடவே கிளம்புவார். இருவரும் கடைக்குப் போய் சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று புது ஸ்பார்க் பிளக் வாங்கிவந்து, பானெட்டைத் திறந்தார்கள்.

நான் உள்ளே புடவை தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் குரல்கள் மட்டும் கேட்டன. முதல் பிளக்கும் இரண்டாவதும் அதிகப் பேச்சில்லாமல் உள்ளே போயின. மூன்றாவதற்கு வந்ததும் பேச்சு கூடியது.

"உள்ள போவ மாட்டேங்குது மாமா."

"இன்னும் கொஞ்சம்."

"கோணலா நிக்குதோ?"

"இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

பிறகு தம்பி தோட்டத்துப் பக்கம் போய் ஒரு பைப்புத் துண்டை எடுத்துவந்தான். ஸ்பேனரின் கைப்பிடியில் அதைச் செருகி நீளமாக்கிக்கொண்டு மறுபடி முறுக்கினான் என்பது எனக்கு அப்போது தெரியாது. கரகரவென்று, அரிசியில் கல் கடிபட்டதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப ஈஸியா சுத்துதே" என்றார் என் கணவர்.

"அதான் மாமா. தடை போயிடுச்சு."

அதற்குப் பிறகு பேசியது எல்லாம் கிசுகிசுப்புத்தான். கோர்ட்டில் வேலை செய்கிற எனக்கு அந்தக் கிசுகிசுப்பே போதுமான சாட்சியாக இருந்திருக்க வேண்டும். புடவை மடிப்பு கலையாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் விட்டுவிட்டேன். தம்பி உள்ளே வந்து, "ரெடிக்கா, ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றான். பார்த்தேன். நடுக்கம் இல்லை. பட்டு மாதிரிதான் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். நான் ஓட்ட, தம்பி முன்னால் உட்கார்ந்தான். புது வெள்ளைச் சட்டை, தலையில் அளவுக்கு மீறி எண்ணெய். பின்னால் என் கணவரும் அம்மாவும். நடுவில் பழத்தட்டும் பூவும் ஸ்வீட் பெட்டியும். அம்மா கடலூர் பழைய டவுனான ஓ.டி. தாண்டியதும் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். தம்பிக்கு முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின. இந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட். அப்பா பல்கலைக்கழகத்தில் தத்துவம் நடத்துகிறார். அண்ணாமலை நகரில் குவார்ட்டர்ஸ். ஒரே பெண், அண்ணன் துபாயில். போட்டோவைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை.

"போய் வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசு. முன்னாடி போன வீட்டுல மாதிரி ஃபேனைப் பாத்துக்கிட்டு ஒக்காராத" என்று ஆலப்பாக்கத்தில் ஒருமுறையும் புதுச்சத்திரத்தில் ஒருமுறையும் சொன்னாள். தம்பி இரண்டு முறையும் தலையாட்டினான்.

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது காதருகே துப்பாக்கி வெடித்தது.

அப்படித்தான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம். என் கணவர் சீட்டுக்குக் கீழே குனிந்துவிட்டார். அம்மா, "யாரைடா சுட்டாங்க?" என்றாள். பானெட்டுக்கு உள்ளேயிருந்து எதுவோ ஒருமுறை ஓங்கி இடித்தது. அதன் பிறகு நெல் அறுக்கும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல ஒரு இரைச்சல். எப்படியோ பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்தினேன்.

பானெட்டைத் தூக்கினால், மூன்றாவது பிளக் தன் இடத்தில் இல்லை. அதன் ஒயரின் நுனியில் தூக்கில் தொங்குவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. பானெட்டின் உட்புறத்தில் சின்னதாக ஒரு குழி. பிளக்கின் கழுத்தைச் சுற்றிக் கருகிய வெள்ளை நாடா ஒன்று கிழிந்து பறந்துகொண்டிருந்தது.

"இது என்னாது?" என்று தம்பியைக் கேட்டேன்.

"டேப்புக்கா."

"என்னா டேப்பு?"

"தண்ணி பைப்புக்கு சுத்துறதுக்கா. லீக்காவாம இருக்க."

"இன்ஜினுக்குள்ள தண்ணி பைப்பு எங்கடா வந்துச்சு?"

அவன் ஆற்றைப் பார்த்தான். என் கணவர் அவனுக்கு முன்பே ஆற்றைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. பிளக் உட்காரும் ஓட்டையில் மரை இருக்கும். திருகாணி போவதற்குச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்குமே, அதுதான் மரை. இன்ஜினின் தலை அலுமினியம், பிளக் இரும்பு. கோணலாக நுழைந்த பிளக்கைப் பைப்பு போட்டு முறுக்கியதில், இரும்பு ஜெயித்து, அலுமினிய மரை மொத்தமும் சுருண்டு வெள்ளிக் கம்பிபோல வெளியே வந்துவிட்டது. மரையே இல்லாத ஓட்டையில் டேப்பைச் சுற்றி அழுத்தி உட்காரவைத்துவிட்டு, இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து டீ கேட்டிருக்கிறார்கள்.

"மாமாதான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னாரு."

"நான் டார்ச்சச் சொன்னேன். வெளிச்சம் ஒழுங்கா விழல. டார்ச்ச இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுன்னேன்" என்றார் என் கணவர்.

"டார்ச்ச நீங்கதான மாமா புடிச்சீங்க?"

அவர் மறுபடி ஆற்றைப் பார்த்தார்.

இதற்குள் மொபெட்டில் மீன் கூடை கட்டிப்போன ஒருவர் நிறுத்தி, எட்டிப் பார்த்து, ஒரு முருங்கைக் கட்டையைச் செதுக்கி அந்த ஓட்டையில் அடித்துவிடும்படி சொன்னார். எஞ்சிய இரண்டு சிலிண்டரில் சிதம்பரம் என்ன, சீர்காழிக்கே போகலாமாம். தம்பி ஒரு நிமிஷம் அதையும் யோசித்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நான் அந்தப் பேச்சுக்கே கதவைச் சாத்தினேன். திரும்பிப் போவதா என்று கேட்டதற்கு அம்மா, "பொண்ணு வீட்டுல பலகாரம் சுட்டு வச்சிருப்பாங்க, நடந்தாவது போவணும்" என்றாள். ஒயரைத் தனியாக இழுத்துக் கட்டிவிட்டு, ஓட்டை திறந்தபடியே மெதுவாக ஓட்டினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே பீய்ச்சிக்கொண்டிருந்ததாம். தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

சிதம்பரத்துக்குள் நாங்கள் நுழைந்ததை ஊரே கேட்டது. டிராஃபிக் போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் மற்ற எல்லா வண்டியையும் நிறுத்தி எங்களை மட்டும் போகவிட்டார். சீக்கிரம் ஒழியட்டும் என்றுதான். அண்ணாமலை நகரில் டீக்கடை வாசலில் நின்ற ஹாஸ்டல் பையன்கள் விசிலடித்தார்கள். தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் திரும்பும்போதே பெண்ணின் அப்பா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கூடவே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும். நான் சாவியைத் திருப்பி அணைத்ததும் அந்தத் தெருவில் அப்படி ஒரு அமைதி. அதில் அம்மா பழத்தட்டோடு இறங்கினாள்.

"வாங்க வாங்க" என்று எல்லோரையும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு, அவர் நேராகக் காரிடம் போனார். "என்னா ஆச்சு?"

தம்பி சொன்னான். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசு என்று அம்மா சொல்லியிருந்தாள் அல்லவா, அவன் பேசிய முதல் இரண்டு வார்த்தை, "மரை போயிடுச்சு."

அந்த மனிதரின் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்க மாட்டேன். பல வருஷமாகத் தத்துவம் நடத்தி வருகிறார். அவசரம், உடனே வாருங்கள் என்று அவரிடம் யாரும் எதற்காகவும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உள்ளே ஓடிப்போய் ஒரு பெரிய டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். துபாயிலிருந்து மகன் அனுப்பியது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதைப் பிரிக்கக் கத்தி தேடினார்கள். பெட்டிக்குள்ளே கத்தி இருந்தது.

பானெட்டைத் தாங்கி நிறுத்தும் கம்பி என் காரில் எப்போதோ உடைந்து போய்விட்டது. யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். குற்ற உணர்ச்சியால் இருக்கலாம். இரண்டு கைகளையும் மேலே தூக்கி, புது வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். பெண்ணின் அப்பாவும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே ஹாலில் சோபாவும் நாற்காலிகளும் வரிசையாகப் போட்டு, மேஜைமேல் புது விரிப்பு விரித்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தது அம்மா மட்டும். பெண் பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்து பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தட்டைக் கேட் ஓரத்துத் திண்டில் வைத்துவிட்டுத் தானும் எட்டிப் பார்த்தாள். அவள் அப்பா திரும்பாமலே, "வந்துட்டியா, இந்த டார்ச்சக் கொஞ்சம் புடி" என்றார்.

இதுதான் பெண் பார்த்தது.

அவருடைய ஸ்கூட்டரைப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் போனது. அவர் கார் வேலையும் செய்வார். அன்று ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கையில் மொய்க்கவர், தோளில் டூல் பை சகிதமாகவே வந்து இறங்கினார். வந்ததும் ஓட்டைக்குள் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு கை வச்சது?"

பதில் இல்லை. நான் எத்தனையோ விசாரணையை டைப் அடித்திருக்கிறேன். அத்தனை சுத்தமான மௌனத்தைக் கோர்ட்டில்கூடக் கேட்டதில்லை.

"கேக்குறேன்ல. யாரு கை வச்சது? கம்பெனியில இப்புடி வராது. கடையில ஒருத்தன் பண்ணியிருந்தா அவன் கடையே நடத்த முடியாது. இது வீட்டு ஆளு வேலை."

என் கணவர் மெல்ல ஒரு அடி பின்னால் வைத்தார். தம்பியால் பின்வாங்க முடியவில்லை. பானெட்டைப் பிடித்திருந்தான்.

"நான்தாங்க" என்றான்.

"பைப்பு போட்டீங்களா?"

"ஆமாங்க."

"பிளக்க மொதல்ல கையால சுத்தி உட்டீங்களா, ஸ்பேனரப் போட்டே ஆரம்பிச்சீங்களா?"

"ஸ்பேனர்தான்."

"என்னா படிச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மா தரகர் மூலமாக அனுப்பிய விவரத்தில் அது பெரிய எழுத்தில் இருந்தது. பெண் டார்ச்சைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தோள் அசைவதிலிருந்து தெரிந்தது.

"மெக்கானிக்கல்" என்றான் தம்பி.

மெக்கானிக் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் ஒரு லுங்கி வாங்கிக் கட்டிக்கொண்டு, வேட்டி சட்டையை மடித்துப் பத்திரமாக உள்ளே கொடுத்துவிட்டு, பனியனோடு வந்து நின்றார். "ஹெட்டக் கழட்ட வேணாம். புதுசா மரை வெட்டி உள்ள காயில் போட்டுடலாம். கம்பெனி மரையவிட ஸ்ட்ராங்கா நிக்கும்" என்றார். தம்பி பானெட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு அருகே வந்து பார்க்க ஆசைப்பட்டான். "நீங்க அதையே புடிங்க சார். அப்பதான் வேற எதுலயும் கை வைக்க மாட்டீங்க."

அந்த மனிதருக்கு வேலையைவிடப் பேச்சில் ஆசை ஜாஸ்தி. மரை வெட்டுகிற கருவியின் பல்லில் கிரீஸை அப்பினார். "இது எதுக்கு? வெட்டுற தூள் எல்லாம் இதுல ஒட்டிக்கும், உள்ள உழாது" என்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, புரிந்ததா என்று காத்திருந்தார். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி கிரீஸ். தத்துவ வாத்தியார், "முன்னால போகணும்னா பின்னாலயும் வரணும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். மெக்கானிக், "அதெல்லாம் இல்ல சார், தூளு ஒடையறதுக்கு" என்றார்.

நடுவில் பஜ்ஜி வந்தது. பெண்ணின் அம்மா, உள்ளே மேஜையில் அடுக்கியிருந்த எல்லாவற்றையும் கொஞ்சம் கோபத்தோடு வாசலுக்கு எடுத்துவந்தார். எல்லோரும் நின்றுகொண்டே தின்றோம். தம்பியால் முடியவில்லை. அவன் பஜ்ஜியையும் சேர்த்து என் கணவர் தின்றார்.

பெண் அவனைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "தோள இறக்குங்க" என்றாள்.

"என்னாது?"

"காதுக்கிட்ட வரைக்கும் தூக்கி வச்சிருக்கீங்க. இறக்கிட்டு, முட்டிய லேசா மடிச்சு நில்லுங்க. இல்லன்னா நாளைக்குத் தலைகூட சீவ முடியாது."

அவன் தோளை இறக்கினான். ஃபேன் எதுவும் தலைக்கு மேல் இல்லாததாலோ என்னவோ, அவளையே பார்த்தான். "இப்ப சரியா?" என்று கேட்டான். "இன்னும் கொஞ்சம்" என்றாள். என் கணவருக்குப் புரையேறிவிட்டது.

புது மரை வெட்டி முடிந்ததும் காயிலை எடுத்துக் காட்டினார் மெக்கானிக். ஸ்பிரிங் மாதிரி சின்னதாக ஒரு எவர்சில்வர் கம்பிச் சுருள். அதன் அடியில் குறுக்கே ஒரு குட்டி வால். அந்த வாலைப் பிடித்துத்தான் சுருளை உள்ளே திருக வேண்டுமாம். உட்கார்ந்த பிறகு வாலை மட்டும் உடைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். திருகினார். அழகாக உட்கார்ந்தது. நீட்டு மூக்குக் குறடை உள்ளே விட்டு, "இப்ப பாருங்க" என்றார்.

பார்த்தோம். 'டிக்' என்றது. குறடு வெளியே வந்தது. அதன் வாயில் ஒன்றும் இல்லை.

மெக்கானிக் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார். டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். காந்தம் கட்டிய கம்பியை விட்டுத் துழாவினார். ஒன்றும் ஒட்டவில்லை. எவர்சில்வர் காந்தத்துக்கு ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மூன்று நான்கு தடவை துழாவினார், ஒருவேளை இந்த ஒரு வாலாவது ஒட்டாதா என்று.

"அப்புடியே ஸ்டார்ட் பண்ணா என்னா?" என்று என் கணவர் கேட்டார்.

"பண்ணலாம். உள்ள பிஸ்டன் அதப் போட்டு இடிச்சு இடிச்சு, அடுத்த வாரம் நீங்க புது இன்ஜின் பாக்கப் போவலாம்." நெற்றிச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டார். "இழுக்குற மெஷின் எதுனா இருக்கா? தூசி உறிஞ்சுறது?"

பெண்ணின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி பஜ்ஜித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அது சோபாவுக்கு."

"ஒரு நிமிஷந்தாம்மா."

"போன வருஷம் தேர் அன்னைக்கு அடுத்த வீட்டுக்காரங்க கேட்டாங்க, குடுக்கல. அது சோபாவுக்கும் மெத்தைக்கும்."

யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக்கூடிய தைரியம் அந்த வாசலில் யாருக்கும் இல்லை. அப்போது ஹாலில் இவ்வளவு நேரமும் தனியாக உட்கார்ந்திருந்த என் அம்மா வெளியே வந்தாள். நிலைமையைக் கேட்டுக்கொண்டாள். பெண்ணின் அம்மா பக்கத்தில் போய் நின்று, "நானா இருந்தாலும் குடுக்க மாட்டேங்க" என்றாள். "ஆம்பளைங்க கையில குடுத்தா இதுவும் மரை போயி வரும். நீங்களே வச்சு இழுங்க. வேற யாரும் தொட வேணாம்."

பெண்ணின் அம்மா என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், துணி உறை போட்டு மூடியிருந்த மெஷினைத் தூக்கிவந்தார். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தார்கள். மெஷின் வாயில், தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயின் ஒரு துண்டை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றினார் மெக்கானிக். டேப்பைப் பார்த்ததும் தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பச்சைப் பட்டும் கழுத்து நிறைய நகையுமாக, மாமியாராகப் போகிறவர் என் கார் இன்ஜினுக்குள் குழாயை விட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொன்னார். என் அம்மா அவருடைய முந்தானை கிரீஸில் படாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் வெறும் காற்று. பிறகு குழாய் நெடுகக் கடகடவென்று எதுவோ ஓடி, மெஷின் வயிற்றில் போய் விழுந்தது. மெக்கானிக் மெஷினைத் திறந்து, சோபாத் தூசிக்கு நடுவே விரலால் தேடி, அந்த வாலை எடுத்துக் காட்டினார். அரிசி நொய் அளவுதான் இருந்தது.

"கரெக்டா வச்சாங்க அம்மா. எனக்கே இவ்ளோ சுளுவா வந்திருக்காது" என்றார். பெண்ணின் அம்மா அதன் பிறகு மெஷினை உள்ளே கொண்டுபோகவே இல்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாமா, மீதி இரண்டு ஓட்டையிலும் எதுவும் விழுந்திருக்குமோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புது பிளக் ஒன்றை எடுத்து, "வண்டி யாருது?" என்றார் மெக்கானிக்.

"என்னுது" என்றேன்.

"அப்ப நீங்க போடுங்க. சார் ரெண்டு பேரும் அந்த வேப்பமரத்துக்கிட்ட போயி நிக்கட்டும்."

என் கணவர் போனார். தம்பியிடமிருந்து பானெட்டைப் பெண்ணின் அப்பா வாங்கிக்கொள்ள, அவனும் போனான். நான் பிளக்கை விரலால் வைத்துச் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு போனது, ஊறுகாய் பாட்டில் மூடியைவிட லேசாக. நின்றதும் ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் திருப்பினேன். "போதும்" என்றார். இவ்வளவுதானா என்று எனக்கே சந்தேகம். "இவ்ளோதாம்மா. இதுக்குப் போயி பைப்பு எடுத்திருக்காரு."

ஸ்டார்ட் செய்தேன். அமைதியாக ஓடியது. தெருக்காரர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்கள். மெக்கானிக் வேட்டிக்கு மாறிக்கொண்டு, காதுகுத்துப் பந்தியாவது கிடைக்குமா என்று பறந்தார். எங்களையும் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் கை நனைப்பது வழக்கமில்லை என்று அம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். எல்லோர் கையும் ஏற்கெனவே கிரீஸில் நனைந்திருந்தது.

திரும்பி வரும்போதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "டேய், பொண்ணப் புடிச்சிருக்கா?"

"அவுங்களுக்கு எப்புடி என்னப் புடிக்கும்?" என்றான் தம்பி. கடலூர் வரும்வரை தோளை மட்டும் அவ்வப்போது இறக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அவர் கார் எப்படி ஓடுகிறது, காயில் நிற்கிறதா, மைலேஜ் ஏதும் குறைந்ததா என்று விசாரித்தார். மகன் அனுப்பிய பெட்டியில் இருந்த ஒவ்வொரு சாமானும் எதற்கு என்று இப்போது படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "சரிங்க, வச்சிடறேன்" என்று வைத்தும் விட்டார். அம்மா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வாடிவிட்டது. அன்று சாயங்காலம் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். "எங்க வீட்டுக்காரரு சொல்ல மறந்துட்டாராம். எங்களுக்குச் சம்மதம். பொண்ணுக்கும்."

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணமும் கடலூரில் நல்லபடியாக முடிந்தது. நாத்தனார் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு என்று நினைத்தேன். ஒரு நாள் சமையற்கட்டில் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: "நெஜமாச் சொல்லு. அன்னைக்கு என்னாத்தப் பாத்து சரின்ன? மரைய மொத்தமா உரிச்சுப் போட்டவன நம்பி?"

அவள் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கு முன்னாடி நெறைய பேரு வந்துட்டுப் போயிருக்காங்க அண்ணி. வந்து வரிசையா ஒக்காந்து என்னையே பாப்பாங்க. கலரு, உயரம், முடி. ஒருத்தங்க கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னாங்க. நான் மூட்டு வலிக்காரங்களுக்கு நடக்கச் சொல்லிக் குடுக்கறவ, என்னையே நடந்து காட்டச் சொன்னாங்க." வெங்காயத்தை வைத்துவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வந்த அன்னைக்கு ஒருத்தரும் என்னைப் பாக்கல. எல்லாரும் இன்ஜினையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் நிம்மதியா நின்னு அவரப் பாத்தேன். அவரால எங்கயும் ஓட முடியல."

"அவன் கொஞ்சம் கோணலாத்தான் நின்னான்" என்றேன்.

"பரவால்ல அண்ணி, சொன்னா நேரா நிக்கறாரு" என்று சொல்லி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.